பாசி எங்கே வருகிறது என்று பாருங்கள்: பெரிய கடல்நீர்த் தொட்டியும் நீரோட்டமும்

பெரிய கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால், இதில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை மடங்கு ஃப்ளோ?" என்பதுதான். தொட்டியின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு தண்ணீரைப் பம்புகள் ஒரு மணி நேரத்தில் தள்ளுகின்றன என்ற கணக்கு அது. மென்பவளங்கள் என்றால் 10 முதல் 20 மடங்கு போதும், அக்ரோபோரா மாதிரி கல்பவளங்கள் என்றால் 30, 40, அதற்கு மேலும் போகலாம் என்பார்கள். பம்ப் வாங்கும் நாளில் அந்த எண் உதவும், மறுக்கவில்லை. ஆனால் முன்பக்கம் மொத்தமும் 40 மடங்கில் சுழன்றுகொண்டிருக்க, பாறைக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் அசையாமல் கிடக்கும் தொட்டிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். பாசி பிரச்சினை என்று புலம்புகிறவர்களின் தொட்டிகளில் பெரும்பாலும் அந்த ஒரு சாணில்தான் விஷயம் இருக்கும்.

என் தொட்டி 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டேகால் அடி உயரம். கல்லும் மணலும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்து, கீழே வடிகட்டும் கருவிகள் வைக்கும் சின்னத் தொட்டியான சம்ப்பையும் சேர்த்தால் சுமார் 1000 லிட்டர் தண்ணீர். இந்த அளவுக்கு வந்துவிட்டால் சின்னத் தொட்டியில் செல்லுபடியான பல வேலைகள் செல்லாது. 100 லிட்டர் தொட்டியில் பாசி வந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கல்லை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவிவிடலாம். இங்கே அடியில் இருக்கும் ஒரு கல்லை அசைத்தால் மேலே உள்ள பவளம் எல்லாம் சரியும், கையும் எட்டாது. அதனால் அழுக்கு தானாகவே வெளியே போகிற மாதிரி ஏற்பாடு செய்தாக வேண்டும். பெரிய தொட்டியில் நீரோட்டத்துக்கு முக்கிய வேலையே இதுதான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடுகிறேன். வேகமான நீரோட்டம் பாசியை விரட்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பச்சை நூல்பாசிக்கு இது பொருந்தவே பொருந்தாது. தொட்டிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும் பம்பான வேவ்மேக்கரின் வாய்க்கு நேர் எதிரே உள்ள பாறையில்தான் அது செழிப்பாக வளரும், பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் இருக்கிற எந்தப் பரப்பின் மேலும் அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும். ஓட்டம் வேகமானால் அந்தப் படலம் மெலியும், சத்தும் கரியமில வாயுவும் பாசிக்குச் சுலபமாகக் கிடைக்கும். பவளத்துக்கு நல்ல ஓட்டம் தேவைப்படுவதற்கும் இதே காரணம்தான், தண்ணீர் ஆள் பார்த்துப் பரிமாறாது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஏடி என்ற பாசியியல் அறிஞர் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார். 1980களில் அவர் உருவாக்கிய பாசித் திரை ஸ்க்ரப்பரில், வலைத்தட்டு ஒன்றின் மேல் பலமான வெளிச்சத்தில் தண்ணீரை அலையலையாக ஓடவிட்டு, வேண்டுமென்றே பாசியை வளர்த்துச் சுரண்டி எடுப்பார்கள். தண்ணீரில் உள்ள நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு வெளியே போய்விடும். பாசிக்கு ஓட்டம் பிடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் ஓட்டத்தைச் சரிசெய்து என்ன பயன்? மீனின் கழிவு, சாப்பிடாத தீனி, உதிர்ந்த பாசித் துணுக்கு எல்லாம் பாறை இடுக்கில் படிந்து அழுகுவதற்கு முன்னால் ஓவர்ஃப்ளோ (மேல்தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் வாய்) வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து அழுக்கை வடிகட்டும் ஃபில்டர் சாக்குக்கும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் போக வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. வீட்டைப் பெருக்கி, குப்பையை அள்ளாமல் மூலையில் ஒதுக்கி வைப்பது போலத்தான் பல தொட்டிகளில் பம்புகள் வேலை செய்கின்றன. நடுவில் பளிச்சென்று இருக்கும், மூலையில் எரு சேரும்.

அதனால் பாசி வந்தால் முதலில் அது எந்த வகை, எந்த இடம் என்று பார்க்கிறேன். புதுத் தொட்டியில் மணல்மேல் தூசு மாதிரி படியும் பழுப்பு டயாட்டம் சிலிக்கேட்டைத் தின்று தீர்த்துவிட்டுத் தானே போகும், அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் பழைய தொட்டியில் திடீரென்று டயாட்டம் வந்தால் தொட்டிக்கான தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. டி.ஐ. கருவியின் ரெசின் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். வெளிவரும் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 0 காட்ட வேண்டும். திட்டுத் திட்டாகச் சிவந்து, வழுவழுவென்று, ஊதினால் தோல் மாதிரி உரிந்து வருவது சயனோபாக்டீரியா. சிவப்புப் பாசி என்று பேர் வாங்கிக்கொண்டாலும் அது ஒரு பாக்டீரியா. எனக்கு நீரோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லிக்கொடுத்தது இதுதான். நூல்பாசி எங்கு வேண்டுமானாலும் வரும். சயனோ பெரும்பாலும் அழுக்கு படியும் இடத்தில், ஓட்டம் மந்தமான இடத்தில்தான் விரிப்பு விரிக்கும். என் தொட்டியில் இடது முன்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு; உறிஞ்சி எடுத்தால் சில நாட்களில் அதே இடத்தில், ஏறக்குறைய அதே வடிவத்தில் திரும்ப வரும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஏதோ படிகிறது என்று அர்த்தம்.

எங்கிருந்து வந்து படிகிறது என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது. மேல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் வைத்து, பம்புகள் எல்லாம் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும்போது, ரப்பர் குமிழ் வைத்த நீளமான பிப்பெட்டால் பாறையின் அடியில் ஒரு இடுக்கைப் பார்த்து ஓர் அழுத்து அழுத்துவேன். பழுப்பு நிறத்தில் ஒரு மேகம் கிளம்பும். அந்த மேகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நல்ல இடமாக இருந்தால் நொடியில் கலைந்து மேலே ஏறி ஓவர்ஃப்ளோவின் பல்வரிசையை நோக்கிப் போய்விடும். என் தொட்டியில் அது எழும்பி, பாறையின் தோளைத் தாண்டி, நடுவில் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி மேலே போனது, இன்னொரு பாதி கண்ணாடியை ஒட்டி மெதுவாக இறங்கி, இரண்டு பம்புகளின் ஓட்டமும் ஒன்றையொன்று தடுத்து நிற்கிற இடத்தில் சுற்றிச் சுற்றித் தேங்கி, மணலில் இறங்கியது. சரியாக அந்தச் சிவப்புத் திட்டின் மேல். இதை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் பம்பைத் திருப்பிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வசதி. மீன் தீனியாகக் கிடைக்கும் உறைந்த ஆர்ட்டீமியாவைக் கரைத்து ஊற்றியும் பார்க்கலாம், ஆனால் மீன்கள் இடையில் புகுந்து சோதனையைத் தின்றுவிடும்.

எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே உயரத்தில், ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி இரண்டு வேவ்மேக்கர் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. நடுவில் மோதி நல்ல கலக்கம் உண்டாகும், பவளங்களுக்கு அது பிடிக்கும். ஆனால் இரண்டின் பலமும் ஒன்றாக இருந்தால் மோதும் இடத்துக்குக் கீழே தேக்கம் உருவாகிவிடும். தீர்வு எளிது: இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் ஓடக் கூடாது. சில மணி நேரம் இடது பம்ப் பலமாக, வலது மெதுவாக, பிறகு மாற்றி. அப்படிச் செய்தால் தேக்கம் ஒரே இடத்தில் நிலைக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும் தேக்கத்தில் அழுக்கு குடியிருக்க முடியாது. நொடிக்கு நொடி மாறும் அலை முறை பார்க்க அழகுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 6 அடி நீளத் தொட்டியில் மொத்தத் தண்ணீரும் ஒரு திசையில் சுழலத் தொடங்கவே நேரம் வேண்டும். அதற்குள் திசை மாற்றிவிட்டால் தண்ணீர் இருந்த இடத்திலேயே ஆடும், அழுக்கும் அதோடு ஆடிவிட்டு இருந்த இடத்திலேயே உட்காரும். நீளமான தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது நீண்ட சுழற்சி: ஒரு முனையிலிருந்து மேற்பரப்பை ஒட்டித் தள்ளி, மறுமுனைக் கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்கி, மணலை ஒட்டித் திரும்பி வருகிற மாதிரி. கைர் வகைப் பம்புகள் அகலமான தகடு போல ஓட்டத்தைத் தள்ளுவதால் இதற்குத் தோதானவை. ஆனால் அவற்றைக் கழற்றிக் கழுவுவது ஒரு தலைவலி, உள்ளே சின்னச் சின்ன உறுப்புகள் அதிகம்.

பாறையை அடுக்கும் விதத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் தன் கடல்நீர்த் தொட்டி முறையைப் பற்றி எழுதியபோது, உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும்தான் அவருடைய முக்கியக் கருவிகள். அந்தப் பாறையில் வாழும் பாக்டீரியாக்களை நம்பித்தான் இன்றும் நம் தொட்டிகள் ஓடுகின்றன. ஆனால் பாறையைச் சுவர் மாதிரி பின்கண்ணாடியில் சாய்த்து எழுப்பிவிட்டால் எத்தனை பம்ப் வைத்தாலும் பின்பக்கம் குப்பைத்தொட்டிதான். பின்கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி வேண்டும், அதாவது 10 முதல் 15 சென்டிமீட்டர். பாறைகள் மணலில் முழுசாகப் படியாமல் கால் ஊன்றி நிற்க வேண்டும், அடியில் தண்ணீர் புகுந்து போக வழி இருக்க வேண்டும். ஏற்கெனவே அடுக்கி முடித்துவிட்டீர்கள், கலைக்க மனமில்லை என்றால் பின்பக்கம் கீழே, மணலுக்கு ஒரு சாண் மேலே, ஒரு சின்னப் பவர்ஹெட்டைப் பொருத்தி நீளவாக்கில் தள்ளவிடுங்கள். என் தொட்டியில் பெரிய பம்ப் இரண்டும் செய்யாத வேலையை, கண்ணுக்கே தெரியாத அந்தச் சின்னப் பம்ப் செய்கிறது.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை மாதிரி நைசான மணல் பார்க்க அழகு, பலமான ஓட்டத்தில் நிற்காது; ஒரு பக்கம் கண்ணாடி தெரியும், மறுபக்கம் மேடு எழும்பும். கல்பவளத் தொட்டி என்றால் 1 முதல் 2 மில்லிமீட்டர் பரல்தான் சரி. பம்பை மேலே தூக்கிக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் மணலும் தப்பும், மேற்பரப்பும் நன்றாகக் கலங்கும். யூஃபிலியா மாதிரி சதைப்பிடிப்பான பவளங்கள்மேல் நேர் ஓட்டம் படவே கூடாது, எலும்பிலிருந்து சதை கிழிந்துவிடும். அவற்றின் கைகள் ஆடி, நின்று, மறுபடி ஆடினால் சரி. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தே கிடந்தால் ஓட்டம் அதிகம்.

சம்ப்பிலிருந்து மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்பைக் கொண்டு தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கப் பார்ப்பது வீண் செலவு. பெட்டியில் போட்டிருக்கும் எண் பூஜ்ய உயரத்தில் எடுத்தது. ஒன்றரை மீட்டர் ஏற்றி, நான்கு முழங்கை வளைவில் திருப்பி, குறுகலான குழாயில் விட்டால் மணிக்கு 10,000 லிட்டர் என்று எழுதிய பம்ப் 5,000, 6,000 கொடுத்தாலே பெரிது. சந்தேகமிருந்தால் வெளிவரும் குழாயை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். 20 லிட்டர் வாளி 12 நொடியில் நிறைந்தால் மணிக்கு 6,000 லிட்டர். என் அளவுத் தொட்டிக்கு அது தாராளம். ஸ்கிம்மர் ஒரு நேரத்தில் எடுத்துக்கொள்ளும் தண்ணீர் எப்படியும் அதைவிடக் குறைவு. ரிட்டர்னைக் கூட்டினால் கிடைப்பது ஓவர்ஃப்ளோவின் இரைச்சலும் தொட்டி முழுக்கப் பொடிக் குமிழியும்தான். ரிட்டர்னின் உண்மையான வேலை மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை இழுத்துக்கொண்டு போவது. அந்தப் படலம் நின்றுவிட்டால் வெளிச்சமும் குறையும், காற்றும் சரியாகக் கரையாது.

சரி, ஓட்டத்தை ஒழுங்கு செய்தாயிற்று. நூல்பாசி இன்னும் இருக்கிறது. இப்போதுதான் பலர் சோதனைக் கிட்டை எடுத்து, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0, பிறகு எப்படிப் பாசி வளர்கிறது என்று குழம்புவார்கள். தண்ணீரில் இல்லாததற்குக் காரணம், அது பாசிக்குள் இருப்பதுதான். உள்ளே வருவதை உடனுக்குடன் அது உறிஞ்சிக்கொள்கிறது, கிட் மிச்சத்தை மட்டும்தான் அளக்கிறது. தவிர, பாஸ்பேட் சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. நீண்ட நாள் அதிகப் பாஸ்பேட்டில் இருந்த பாறை, நீங்கள் தண்ணீரைச் சுத்தமாக்கச் சுத்தமாக்கத் தன்னிடம் உள்ளதை மெதுவாகத் திருப்பித் தரும். அதனால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகளைப் போட்டு ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாஸ்பேட் சடாரென்று விழுந்தால் முதலில் அடிபடுவது பவளம்தான், நுனியில் வெளுத்துச் சதை கழலும். நான் குறிவைப்பது நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். பாஸ்பரஸைப் பி.பி.பி. கணக்கில் காட்டும் டிஜிட்டல் கருவி வைத்திருப்பவர்கள், அதை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பாஸ்பேட் பி.பி.எம்.மில் வரும். இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு, பாஸ்பேட் ரொம்பக் குறைவு என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம்.

கையால் பிடுங்குவதற்கு மாற்று கிடையாது. இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஏதாவது ஒரு பாட்டில் மருந்து சொல்லுங்கள் என்கிறார்கள். நீளமாக வளர்ந்த நூல்பாசியைப் பெரும்பாலான மீன்கள் தின்னாது. ஒட்ட வெட்டிவிட்டால் பிறகு துளிர்ப்பதைக் கொறிக்கும். நான் ஒரு பல்துலக்கியின் தலையைச் சைஃபன் குழாயின் வாயில் கட்டி வைத்திருக்கிறேன். பம்புகளை நிறுத்திவிட்டு, தேய்க்கத் தேய்க்க அறுந்து வரும் பாசி அப்படியே குழாய்க்குள் போய்விடும். குழாயின் மறுமுனை சம்ப்பில் ஒரு புது ஃபில்டர் சாக்குக்குள்; தண்ணீர் வடிந்து சம்ப்பிலேயே நிற்கும், ரிட்டர்னைப் போட்டால் திரும்ப மேலே ஏறும், அதனால் தண்ணீர் தீர்ந்துவிடுமே என்ற அவசரம் இல்லை. ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது தேய்த்தால் துணுக்குகள் பறந்து போய் இதுவரை பாசி இல்லாத பாறையிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளில் ஒரு பாறை என்று எடுத்துக்கொண்டால் சலிப்பு தெரியாது. வேலை முடிந்ததும் அந்தச் சாக்கை உடனே கழற்றிவிட வேண்டும். பொதுவாகவே ஃபில்டர் சாக்கை மூன்று நான்கு நாளுக்கு மேல் விட்டால் அதுவே நைட்ரேட் ஆலையாகிவிடும்.

மேயும் உயிர்கள் இல்லாமல் எந்தப் பவளத் தொட்டியும் சுத்தமாக இருக்காது, கடலும்தான். 1983, 84இல் கரீபியக் கடலில் நீண்ட முள் கொண்ட டயடெமா கடல் முள்ளெலிகள் ஏதோ ஒரு நோயில் 90 சதவீதத்துக்கு மேல் செத்துப் போயின. அதற்குப் பிறகு ஜமைக்காவில் பவளப் பாறைகள் இருந்த இடமெல்லாம் பாசிக்காடு ஆனது. ஏற்கெனவே மிதமிஞ்சிய மீன்பிடியால் மேயும் மீன்களும் குறைந்திருந்தன, அதனால் அந்த இடத்தைப் பிடிக்க ஆளில்லை. இதில் தொட்டிக்காரர்களுக்கு உள்ள பாடம், பாசி மேயும் ஒரே வகை உயிரை நம்பக் கூடாது. கண்ணாடிக்கும் பாறைக்கும் ட்ரோகஸ் நத்தை. கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், அஸ்ட்ரியாவுக்கு அது வராது, கவிழ்ந்த இடத்திலேயே கிடந்து சாகும். மணலுக்கு செரித் நத்தை. நாசாரியஸ் பாசி தின்னாது, மிச்சத் தீனியும் செத்த இறைச்சியும்தான் அதற்கு. பாசிக்கென்று அதை வாங்கிப் பயன் இல்லை. 6 அடித் தொட்டி என்பதால் ஒரு மஞ்சள் டாங் மீன் தாராளமாக நீந்துகிறது. படலத்தைச் சுரண்டித் தின்ன கோலே டாங் மீன். பாக்ஸ்ஃபேஸ் முயல்மீன் மற்ற மீன்கள் தொடாத பாசியையும் தின்னும், ஆனால் முதுகு முள்ளில் விஷம், தொட்டிக்குள் கை விடும்போது அது எங்கே இருக்கிறது என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். குமிழ்ப்பாசிக்கு மரகத நண்டு, அதுவும் பசித்தால்தான். கடல்முயலை வாங்கினால் அது பாசியைத் தின்கிற வேகத்தைப் பார்த்து அசந்துபோவீர்கள். பாசி தீர்ந்ததும் பட்டினி கிடக்கும், பம்பில் சிக்கினால் நஞ்சை வெளியிட்டு மொத்தத் தொட்டிக்கும் ஆபத்து. எனக்கு அந்தப் பரீட்சையே வேண்டாம்.

சம்ப்பில் ஒரு பகுதியைத் தடுத்து கீட்டோ என்கிற கீட்டோமார்ஃபா பாசி வளர்க்கிறேன். மேல் விளக்கு அணைந்த பிறகுதான் அதன் விளக்கு எரியும், இரவில் பி.எச். விழுவதை அது கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். இங்கேயும் ஓட்டம் முக்கியம்: பந்து மெதுவாக உருண்டுகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பக்கம் மட்டும் வளர்ந்து அடியில் வெளுத்து அழுகும். மாதக்கணக்கில் அறுவடையே செய்யாமல் கீட்டோ பலன் தரவில்லை என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சத்து தொட்டியை விட்டு வெளியே போவது நீங்கள் அதைப் பிய்த்து எறியும்போதுதான். மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டால் மறுபடி வளரும். விளக்கைப் பொறுத்தவரை மேல் தொட்டிக்கு நான் 8 முதல் 10 மணி நேரத்துக்கு மேல் போவதில்லை, அதில் உச்ச வெளிச்சம் பாதி நேரம்தான்.

இத்தனையும் செய்து தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன், நைட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை, நூல்பாசியும் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களுக்குத்தான் டைனோ என்கிற டைனோஃப்ளாஜெல்லேட் வரும். பழுப்புச் சளி, நூல் நூலாகத் தொங்கும், நுனியில் குமிழி இருக்கும், பகலில் கெட்டியாகி இரவில் மெலியும். போட்டிக்கு வேறு பாசி இல்லாத, சத்தே இல்லாத தண்ணீரில்தான் அது அரசாளும். சில வகைகள் நஞ்சு, நத்தைகள் வரிசையாக விழும். எது எந்த வகை என்று தெரிய ஒரு சாதாரண நுண்ணோக்கி போதும். ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை இரவில் தண்ணீரில் மிதக்கும், அதனால் தன் வழியே ஓடும் தண்ணீரில் உள்ளதைக் கொல்லும் யு.வி. விளக்கு அதைப் பிடிக்கும். ஆம்ஃபிடினியம் என்ற வகை மணலை விட்டு வராது, யு.வி.யை எத்தனை நாள் ஓட்டினாலும் கரண்ட்தான் செலவாகும். சிகிச்சை கேட்கவே விநோதமாக இருக்கும்: நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வேண்டுமென்றே ஏற்ற வேண்டும். அதனால்தான் பூஜ்யத்தைக் குறிவைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருந்துகள் எனக்குக் கடைசி வழி. இறகு வடிவப் பிரையாப்சிஸ் பாசிக்கு ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கேட்கும், கையால் பிடுங்கினால் அது அடங்காது. சயனோவுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டால் சீக்கிரம் போய்விடும், ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது ஆக்சிஜன் விழும். காற்றுக்கல் போடாமல் அதைத் தொடவே கூடாது. அழுக்கு படிகிற இடம் அப்படியே இருந்தால் மருந்தின் வேகம் தீர்ந்ததும் அதே மூலையில் திரும்ப வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வெளியே எடுக்கக்கூடிய சின்னக் கல்லில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி, சில நிமிடம் விட்டு, உப்புநீரில் அலசிப் போடலாம். தொட்டிக்குள் ஊற்றாதீர்கள், சுத்தம் செய்யும் லிஸ்மேட்டா இறால்களுக்கு ஆகாது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொட்டியில், எதையும் மாற்றாமலேயே பாசி திரும்பினால், கிட்டை எடுக்கும் முன் பம்பைக் கழற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி பாறையில் படர்ந்தால் நமக்குப் பெருமை, அதே பாசி பம்பின் இறக்கையிலும் கூண்டிலும் உள்ளறையிலும் படர்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கண்ணுக்குத் தெரியாது. சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, உதிரி உறுப்புகளைப் போட்டு வைத்தால் பொங்கிப் பொங்கிக் கழன்றுவிடும், வினிகரும் ஆகும், நேரம்தான் கூடுதல். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பொருத்துங்கள். முடிந்தால் ஒரு பம்ப் கூடுதலாக வைத்துக்கொண்டு, கழுவியதை மாட்டி அழுக்கானதைக் கழற்றுவது என்று சுழற்சியில் விட்டால் வேலை தள்ளிப் போகாது. பம்பின் உறிஞ்சும் வாயில் உதிர்ந்த பாசி அடைத்திருக்கிறதா என்பதையும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், அனிமோன் என்ற கடல் உயிர் இருந்தால் அந்த வாய்க்குக் கண்டிப்பாகக் கூண்டு வேண்டும்.

கடைசியாக, கரண்ட் போகும்போது என்ன நடக்கிறது என்பதை யோசித்து வையுங்கள். இரண்டு ஆபத்து. ஒன்று ஆக்சிஜன், இருட்டில் பாசியும் மூச்சு விடும் என்பதால் பாசி மண்டிய தொட்டியில் அது இன்னும் வேகமாகக் குறையும். ஒரே ஒரு வேவ்மேக்கர் குறைந்த வேகத்தில், மேற்பரப்பைக் கலக்குகிற மாதிரி, பேட்டரியில் ஓடினால் போதும். எல்லாவற்றையும் தாங்கும் பெரிய யு.பி.எஸ். தேவையில்லை. இன்னொன்று, ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேலே உள்ள தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பிச் சம்ப்புக்கு இறங்குவது. அதைத் தடுக்கக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன ஓட்டை போடுவார்கள், மட்டம் கொஞ்சம் இறங்கினதும் காற்று புகுந்து இழுப்பு நின்றுவிடும். அந்த ஓட்டை வெளிச்சத்தில், நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. பாசி வளர அதைவிடத் தோதான இடம் தொட்டியில் கிடையாது. அடைந்துவிட்டால் சம்ப் நிரம்பித் தரையில் ஓடும். நான் ரிட்டர்ன் குழாயின் வாயையே நீர்மட்டத்துக்கு இரண்டு விரல்கடைக்குக் கீழே ஏற்றி வைத்திருக்கிறேன், ஓட்டை அடைந்தாலும் இறங்குவது கொஞ்சம்தான். ஆனாலும் மாதம் ஒருமுறை ரிட்டர்னை நிறுத்தி, தண்ணீர் இறங்கி முடிந்ததும் சம்ப்பில் எந்த உயரம் வரை வந்து நிற்கிறது என்று பார்த்து, கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தினசரி ஓடும்போது சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் வைக்கலாம் என்பதை அந்தக் கோட்டிலிருந்துதான் கணக்குப் போட வேண்டும்.